நாற்பது நாள் வயதுள்ள மலை

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்துவரும் ஓவியம் தொல்பொருள். தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. நூறு ஆண்டு ஆகாததற்கு அந்தத் தடை இல்லை. ஆயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதற்கென்று இருக்கும் அலுவலகம் பார்த்துச் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஓவியம் வரைந்து முடித்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

இதில் யார்மேலும் தவறு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விதி சரி, விண்ணப்பம் சரி, இணைப்புகள் சரி, நினைவூட்டல்கள் சரி. நான் முப்பத்து நான்கு வருடம் புதுச்சேரியில் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஒரு தாள் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஏன் போகவில்லை என்பதற்கு எனக்குப் பதினோரு காரணங்கள் தெரியும். அவற்றில் பத்தை நானே பயன்படுத்தியிருக்கிறேன்.

என் மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் இருந்தார். முதல் விடுப்பில் வந்தபோது, அங்கே சீனக்காரர்கள் கடைத்தெருவில் வாங்கிய ஒரு சுருள் ஓவியத்தைக் கொண்டு வந்து கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு, மறுபடி கப்பல் ஏறிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் அவருக்குப் பதிலாக அந்த மலைதான் இருந்தது. கறுப்பு மையில் வரைந்த மலை. அதன் இடுப்பில் வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் மேகம். கீழே ஓடை, ஓடைமேல் பாலம், பாலத்தில் கைத்தடியோடு விரல்நகம் அளவு ஒரு மனிதன்.

வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது, இளையவளுக்கு நாலு. இளையவள் பிறகு என் மனைவியானாள். பாலத்து மனிதனைப் பற்றி இருவருக்கும் அன்று தொடங்கிய வழக்கு எழுபது வருடம் தீரவில்லை. அவன் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறான் என்பது அக்காவின் கட்சி. வீட்டைவிட்டுக் கிளம்பி மலைக்குப் போகிறான் என்பது தங்கையின் கட்சி. அப்பா எப்போது வருவார் என்று கேட்கிற வயதில் அவர்களுக்கு அது சாதாரண வழக்காக இருந்திருக்காது.

சாட்சி அழிந்துபோனது. ஒரு புயலில் கூரை ஓடு பறந்து, கூடத்தில் மழை இறங்கி, சுருள் ஊறிப் பிசின்போல ஒட்டிக்கொண்டது. மீதியைக் கரையான் தின்றது. மிஞ்சியது ஒரு குடும்பப் புகைப்படம். மாமனார் சைகோனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபின் எடுத்தது. எல்லோரும் அந்தச் சுருளுக்கு முன்னால் நிற்கிறார்கள். மலை தெரிகிறது, மேகம் தெரிகிறது, மேலே ஓரத்தில் செங்குத்தாக எழுதிய சீன எழுத்து வரிசைகூடத் தெரிகிறது. பாலம் இருக்க வேண்டிய இடத்தில் மாமனாரின் தலை இருக்கிறது.

அக்கா பிரெஞ்சுக் குடியுரிமையோடு அந்தப் பக்கம் போய்விட்டாள். என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். குருசுக்குப்பத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து, செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் ஆயிரம் தடவையாவது வரைந்திருப்பாள். ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு மைக்கட்டியும் கல்லும் தூரிகையும் வாங்கிவரச் செய்தாள். இனி செம்பருத்தியை வெட்டப் போவதில்லை என்றாள்.

சீன மை ஓவியம் அவளுக்கு எந்த வழியாக வந்தது என்பதை யோசித்தால் எனக்கு ஒரு கோப்பின் பயணம் ஞாபகம் வரும். சீனாவிலிருந்து அது பல நூற்றாண்டுக்கு முன்பே ஜப்பானுக்குப் போனது. ஜப்பானிலிருந்து வந்த ஓவியர்களிடம் வங்காளத்து ஓவியர்கள் நிறத்தைக் கழுவிக் கழுவி மங்கலாக்கும் முறையைக் கற்றார்கள். வங்காளத்தில் படித்த ஒருவர் அவள் வேலைபார்த்த பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தார். இன்னொரு பக்கம், ஜப்பானியப் படங்களைப் பார்த்து மயங்கிய பிரெஞ்சு ஓவியர்களைப் பற்றிய புத்தகங்கள் எங்கள் ஊரில் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் குறிப்பெழுதி, கடைசியில் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. மூலக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அறிய அவள் பத்து வருடம் எடுத்துக்கொண்டாள்.

காலையில் காபி குடித்ததும் கல்லில் நீர் விட்டு, சந்தனம் உரசுவதுபோல் மைக்கட்டியை உரசுவாள். ஒரே மை. நீரின் அளவை மாற்றி அதிலிருந்து எத்தனையோ சாம்பல் நிறங்களை எடுப்பாள். மலை வரைவதற்கு அங்கே கோடுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மண் மலைக்குச் சணல் நாரைப் பிரித்துப் போட்டதுபோல நீளமான, தளர்ந்த கோடு. பாறை மலைக்குக் கோடாலியால் செதுக்கியதுபோல ஒரு வெட்டு. இவளுக்கு இரண்டும் போதவில்லை. எங்கள் ஊரில் மலையே கிடையாது. பக்கத்தில் என்றால் செஞ்சி. அதுவும் மலை இல்லை, யாரோ கொட்டிவிட்டுப் போன கல். அந்த உருண்டைக் கற்களுக்காக உலர்ந்த தூரிகையை அழுத்தி இழுக்கும் ஒரு கோட்டை அவளே கண்டுபிடித்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் தோசைக்கல் சுரண்டல்.

எனக்கு அவள் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுதான் மனதில் நின்றது. அந்த ஓவியத்தில் பார்ப்பவன் ஓரிடத்தில் நிற்க வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கலாம், பிறகு ஒரு திருப்பத்தில் நுழைந்து மலையின் பின்பக்கம் போகலாம், மேலே ஏறி எதிர்க்கரையைப் பார்க்கலாம். எல்லாம் ஒரே தாளில். கண் நடந்துகொண்டே இருக்கும்.

கண்ணைப் பற்றித்தான் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ஒரு கண்ணில் நடுப்பார்வை ஏற்கெனவே போயிருந்தது. இப்போது அடுத்த கண்ணிலும் தொடங்கிவிட்டது. ஊசி போடுகிறார்கள், தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோடைவரை தாக்குப்பிடிக்கும் என்று அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் செய்வாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் மனைவி கீரை ஆய்வாள்.

"நடுவுல யாரோ விரல வெச்சு அழிச்ச மாதிரி இருக்குடி. ஒருத்தர் மூஞ்சியப் பாத்தா ரெண்டு காதும் தெரியுது, மூக்கக் காணோம்."

"நல்லதுதான்க்கா. என் மூக்கப் பத்தி நீ பேசின பேச்சுக்கு."

"உன் மூக்கு ஞாபகமா இருக்கு, கவலப்படாத. அது போவாது."

சிரித்து முடித்தபின் அக்கா கேட்டாள். அந்தச் சைகோன் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இத்தனை வருடம் வரைகிறாயே, அதை ஒருமுறை வரைந்து அனுப்பேன், நல்ல கண் இருக்கும்போதே பார்த்துவிடுகிறேன் என்றாள். வேறு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு சுருள், கோடைக்குள், பிரான்சில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வரைந்ததைப் படம் எடுத்து போனில் அனுப்பிவிடலாமே என்று நான் கேட்டேன். அக்கா எனக்கே பதில் சொன்னாள். "போன்ல அனுப்பாதீங்க தம்பி. மிச்சமிருக்கற கண்ண அந்தக் கண்ணாடித் துண்டுக்குச் செலவு பண்ண மாட்டேன். சுருள என் கையால பிரிக்கணும்."

என் மனைவி மூன்று மாதம் வரைந்தாள். புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்து மலையை எடுத்தாள். பழைய படம் ஊதுபத்திப் புகையிலும் உப்புக் காற்றிலும் பழுப்பேறி இருந்ததால், தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து அதே பழுப்புக்குக் கொண்டுவந்தாள். தன் கல்யாணப் பட்டுப்புடவையின் உடலைக் கத்தரித்து ஓரம் கட்டினாள். மைதாப் பசை காய்ச்சி ஒட்டினாள். மேலும் கீழும் வைக்கத் தச்சரிடம் உருளைக் கட்டை கடைந்து வாங்கி வந்தேன். கடைசியாக அந்தச் சீன எழுத்து வரிசையை ஒரு புள்ளி விடாமல் பார்த்து எழுதி, அதன் கீழே இருந்த சிவப்பு முத்திரையையும் வரைந்தாள். தன் பெயரை எழுதவில்லை.

அது சீன ஓவியர்களின் மரபு. அங்கே ஒருவர் ஓவியம் கற்பதே பழைய பெரியவர்களின் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான். வரைந்து முடித்ததும், இன்ன காலத்து இன்னாருடைய கையைப் பின்பற்றியது என்று மேலே எழுதிவைப்பார்கள். அப்படி எழுதினால் திருட்டு இல்லை, மரியாதை. மாமனார் வாங்கிய படத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. எந்த ஆண்டு என்பதும் இருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மாற்றியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

பாலத்து மனிதனை எந்தப் பக்கமாக நடக்கவிட்டாள் என்று அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். இவள் சொல்லவில்லை. வந்ததும் பார்த்துக்கொள் என்றாள். நான் பார்த்தேன். அவன் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. மலைக்குப் போகிறான்.

கூரியர் அலுவலகத்தில் இருந்த பெண் சுருளை ஒரு சாண் பிரித்தாள். பழுப்புத் தாள், பட்டு ஓரம், சிவப்பு முத்திரை. மறுபடி சுருட்டிவிட்டு, இது பழசு இல்லை என்று சான்று வேண்டும் என்றாள். வரைந்தவர் இதோ நிற்கிறார், நாற்பது நாள்தான் ஆகிறது என்றேன். அவள் என் மனைவியை ஒருமுறை பார்த்தாள், படத்தை ஒருமுறை பார்த்தாள். சான்று வேண்டும் என்றாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். ஓவியத்தின் அளவு, பொருள், வரைந்தவர் பெயர், வரைந்த ஆண்டு, இரண்டு பக்கமும் எடுத்த நிழற்படம், உறுதிமொழி, அடையாளச் சான்றின் சுய ஒப்பமிட்ட நகல். கேட்காததையும் சேர்த்தேன். பின்னால் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்ப வழி இருக்கக் கூடாது என்று கேள்விகள் எழும்பும் வரிசையிலேயே பதில்களை அடுக்கினேன். என் வேலைக்காலத்தில்கூட அப்படி ஒரு விண்ணப்பம் என் மேஜைக்கு வந்ததில்லை. அதை எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இப்போது அதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். மாசி மாதம், பிள்ளைச்சாவடி வழியாகக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போனோம். சுருளைப் பழைய பிவிசி பைப்பில் வைத்து மடியில் கிடத்தியிருந்தாள். அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர், நாற்காலி போடச் சொன்னார். சுருளை மேஜையில் பிரித்ததும் எழுந்து நின்று கீழிருந்து மேல்வரை பார்த்தார். நல்லா இருக்கு மேடம் என்றார். பிறகு போனை எடுத்து எழுத்து வரிசையின்மேல் பிடித்தார். போன் ஏதோ மொழிபெயர்த்தது. ஒரு பழைய அரச வம்சத்தின் பெயர் வந்தது, ஒரு பெரியவர் பெயர் வந்தது, கடைசியில் ஓர் ஆண்டின் பெயர் வந்தது.

சீனர்களுக்கும் நம்மைப்போல ஆண்டுக்குப் பெயர்தான், எண் இல்லை. நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது. அவர்களுக்கும் அறுபது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதிகாரி அதைத் தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், எங்க அப்பா ஜாதகத்துல இருக்கற வருஷப் பேருதான் என் பையன் ஜாதகத்துலயும் இருக்கு. இது இந்த ரவுண்டா, போன ரவுண்டா, அதுக்கும் முந்துன ரவுண்டா? யாரு சொல்றது?"

"வரைஞ்சவங்க பக்கத்துலயே ஒக்காந்திருக்காங்க."

"எல்லாரும் அப்படித்தான் சார் ஒருத்தரக் கூட்டினு வர்றாங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கோயில் சிலையை நேற்றுச் செய்தது என்று சொல்லிக்கொண்டு ஸ்தபதியையும் கூட்டி வருகிறவர்களை அவர் பார்த்திருப்பார். விண்ணப்பத்தில் வரைந்த ஆண்டு ஒன்று, ஓவியத்தில் எழுதியிருக்கும் ஆண்டு வேறு. இரண்டில் ஒன்றை நான் விளக்கியிருக்க வேண்டும். எந்தக் கேள்வியும் எழக் கூடாது என்று அத்தனை இணைப்பு வைத்தவன், மனைவி என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளைக் கேட்கவே இல்லை.

என் மனைவி கைப்பையிலிருந்து தூரிகையை எடுத்தாள். அதை அவள் எப்போது உள்ளே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தாள் கொடுங்கள், இங்கேயே ஒரு பாறை வரைந்து காட்டுகிறேன், அதே கையா இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அதிகாரி சங்கடப்பட்டார். "மேடம், நான் நம்பறேன். ஆனா நான் நம்பறதுக்கு ஃபைல்ல இடமில்ல."

அவர் சொன்னது சரி. நான் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தூரிகையை உள்ளே வைத்தாள். எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கும், தாளின் வயதைச் சொல்லக்கூடிய ஒருவருக்கும் படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள், பிறகு எழுத்துபூர்வமாகப் பதில் வரும் என்றார்கள். சுருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது அதிகாரி என்னைத் தனியாக அழைத்து, அந்த எழுத்து இருக்கும் துண்டை மட்டும் எடுத்துவிட்டால் புதிதாக விண்ணப்பிக்கலாம், சீக்கிரம் முடியும் என்றார். பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். அதை வெட்டினால் அது அப்பா வாங்கிய படம் இல்லை, யாரோ வரைந்த ஒரு மலை என்றாள்.

பிறகு காத்திருப்பது. பங்குனியில் முதல் நினைவூட்டல் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, கையெழுத்து படிக்க முடியவில்லை. சித்திரையில் இரண்டாவது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது உண்மையாகத்தான் இருக்கும், கோப்பு கட்டின் அடியில் இருந்தாலும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்று யோசித்ததில்லை. என்ன செய்வார்கள், மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பிவிட்டதா என்று கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, வெயில் எப்படி என்று கேட்டாள். அங்கே இரண்டு ஊசி போட்டுவிட்டார்கள். செய்தித்தாளின் தலைப்பு தெரிகிறது, கீழே உள்ளது தெரியவில்லை என்றாள்.

சித்திரைக் கடைசியில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அடுத்த தெருவில் ஒரு பெண், பிரான்சில் வேலை செய்கிறவள். அக்கா இருக்கும் ஊரில்தான் இருக்கிறாள், நடந்து போகிற தூரம். தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்தாள். திரும்பிப் போவதற்கு மூன்று நாள் முன்பு வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள். "குடுங்க மாமா, நான் எடுத்துனு போறேன். பொட்டியில புடவைக்கு நடுவுல வெச்சா யாரு பாக்கப் போறாங்க? திங்கக்கெழம ஆயாம்மா கையில இருக்கும்."

அவள் என் மனைவியின் அக்காவை ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

நான் சொன்னேன், விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. சான்றுக்கு விண்ணப்பித்த பொருளைச் சான்று வருமுன் வெளியே கொண்டுபோவது, விண்ணப்பிக்காமலே கொண்டுபோவதைவிட மோசம். பிடித்தால் பறிமுதல். விண்ணப்பதாரர் என் மனைவி, வழக்கு அவள்மேல் வரும். உன் பாஸ்போர்ட்டில் குறிப்பு விழும். பதில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இவ்வளவும் சொன்னேன். ஒவ்வொன்றும் சரி. இப்போது கேட்டாலும் இதே வரிசையில் இதையே சொல்வேன்.

அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி அடுக்களைக்குப் போய் அவளுக்குக் காபி கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் விமானம் ஏறினாள். அவளுடைய பெட்டியை யாரும் திறக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அக்காவின் மகள் பேசினாள். இரண்டாவது கண்ணில் ரத்தம் கசிந்துவிட்டது, ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது, அவ்வளவுதான், இனி எழுத்தோ படமோ இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். தமிழில் சொல்ல முடியாததைப் பிரெஞ்சில் சொன்னாள். எனக்கு இரண்டிலும் புரிந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவே பேசினாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சுவரில் முட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு, "படத்தப் பிரிச்சி வெய்யிடி. எனக்குச் சொல்லு" என்றாள்.

என் மனைவி சுருளைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்தாள். நான் இரண்டு முனையிலும் தட்டு வைத்தேன். அவள் கீழிருந்து ஆரம்பித்தாள். இந்தக் கரையில ரெண்டு மரம்க்கா, ஒண்ணு சாஞ்சிருக்கு. தண்ணி நான் வரையல, தாள் அப்படியே இருக்கு, ஆனா தண்ணிதான். கல்லு நம்ம செஞ்சிக் கல்லு மாதிரி வந்துடுச்சி. அங்க இருந்து படி ஏறுது, நடுவுல மறைஞ்சி போயிடும், மேகத்துக்கு மேல மறுபடியும் வரும். மேல ஒரு கூரை. போட்டோல அப்பா நிப்பாரே, அந்த எடத்துக்கு நேரா. அவள் விரல் தாளைத் தொடாமல் தாளுக்குமேல் போய்க்கொண்டிருந்தது.

முழு மலையையும் ஏறி இறங்கியபின் அக்கா கேட்டாள். "பாலத்துக்கு வரவே இல்லியே. ஜெயிச்சது நீயா, நானா?"

என் மனைவி குனிந்து அந்த விரல்நகம் அளவு மனிதனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முதுகு. தூக்கிய குதிகால். மலைப்பக்கம் நீட்டிய கைத்தடி.

"நீதான்க்கா. வர்றான். வீட்டப் பாத்துதான் வர்றான்."

"அன்னைக்கே சொன்னனா இல்லியா" என்றாள் அக்கா. பிறகு போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

என் வாழ்நாளில் நான் பார்த்து உண்மைக்கு மாறானது என்று அறிந்த ஒரு கூற்றை ஆட்சேபிக்காமல் விட்டது அது ஒன்றுதான். என் மனைவி சுருளைச் சுருட்டி நாடாவைக் கட்டினாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க தப்பா ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள் அவள். "தப்புப் பண்ணியிருந்தா ஒங்களத் திட்டவாவது திட்டியிருப்பேன்."

அதற்குமேல் அவள் மை உரசவில்லை. கோபமா என்று கேட்டேன், இல்லை என்றாள். கை வலிக்கிறதா என்றேன், இல்லை என்றாள். காலையில் காபி குடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருப்போம். அவள் பக்கத்தில் கல் கழுவித் துடைத்து வைத்திருக்கும். மூன்றாவது நினைவூட்டலை நான் அனுப்பவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. அதையும் செய்யவில்லை.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் கேட்டில் நின்று என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொடுத்தாள். இரண்டு பக்கம். ஓவியத்தில் உள்ள எழுத்துகள் உரியவரால் படிக்கப்பட்டன. குறிப்பிட்டுள்ள ஆண்டு ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களைக் குறிக்கக்கூடியது. எனினும் தாள், பசை, நூல் ஆகியவற்றைக் கொண்டு பார்க்கையில் அண்மைக் காலத்தது என்று முடிவு செய்யப்படுகிறது. பழைய ஒன்றைப் பார்த்துத் தேர்ந்த கையால் வரையப்பட்டது. தொல்பொருள் அல்ல. வெளிநாட்டுக்கு அனுப்ப ஆட்சேபணை இல்லை. நன்றாக எழுதப்பட்ட கடிதம். ஒரு குறையும் சொல்ல முடியாது.

சத்தமாகப் படித்துக் காட்டினேன். தேர்ந்த கையால் என்ற இடத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அரிசி களையப் போய்விட்டாள். வந்த தபாலின் வலது மூலையில் தேதி போடுவது என் கைப்பழக்கம். பேனாவை எடுத்து எழுதினேன்: பெறப்பட்டது, ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை.